உறை அரசாங்கத்துக்கு, தாள் குடும்பத்துக்கு

பதிவறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது? அதற்கு விதிப்புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அந்த அட்டவணை உதவாத ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு உங்கள் மேலதிகாரி அவசரத்தில் இருப்பார். எதிரே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்படி வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். இதில் நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பாகூர் கொம்யூன், அதாவது பிரெஞ்சுக்கால ஊராட்சி, அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது கூரையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அடுத்த ஆண்டு, 1954 நவம்பரில், அதை இறக்கிவிட்டார்கள். கொடி மாறிய பிறகும் சனங்கள் அந்தக் கட்டடத்தை மேரி என்றுதான் சொன்னார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் பக்கம் போனவர்களைச் சொல்தா என்றார்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் பலர்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த அலுவலகத்திலும் அதை நான் பார்த்ததில்லை. சொல்தாக்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எங்களிடம் இருந்தன. குப்பங்களில் எல்லாம் கீற்று வீடுகள். தீப்பிடிக்கும், புயலில் பறக்கும். கடிதம் போனால் அந்த ஆள் படையில் இருப்பதற்கான ஆதாரமும் போய்விடும். அதனால் அலுவலகத்துப் பழைய செயலாளர், கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் ஊர்வாரியாகத் துணி மூட்டையில் கட்டி வைத்துக்கொண்டார். வீட்டுக்காரிக்குப் படிக்கத் தெரியாது. சந்தை நாளில் மீன் விற்றுவிட்டு வருவாள். "கடுதாசி கேக்க வந்தேன்" என்பாள். எழுத்தர்களில் யாராவது எடுத்துப் படிப்போம். ஒரே கடிதத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் உண்டு.

செயலாளர் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டாகப் பிரிப்பார். உறைகளை ஒரு நூலில் கோப்பார், உள்ளே இருந்த தாள்களை வேறொரு நூலில் கோப்பார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"உறை மேல பட்டாளத்து முத்திரை இருக்குதில்ல, அது கவர்மெண்ட்டுக்கு. தாள் குடும்பத்துக்கு. ரெண்டுத்தையும் ஒண்ணாப் போட்டு வெச்சா, ஒருத்தன் கேக்க வரும்போது இன்னொருத்தன் சாமானும் சேந்து போயிடும்."

அவர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நல்ல முறை என்றே நினைத்தேன். இன்றைக்கும் முறையில் குற்றம் சொல்ல மாட்டேன்.

பனித்திட்டுக் குப்பத்து அஞ்சலையை அப்படிப் படித்துக் காட்டித்தான் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் புருஷன் ஏழுமலை கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவர், கல்யாணமான மறு ஆண்டே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எழுத்து அங்கே போய்க் கற்றுக்கொண்டது. கொக்கி கொக்கியாக எழுதுவார். எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம் என்று எழுதக்கூடாது என்பது படையின் கட்டளை. எழுதினால் மேலே இருப்பவன் மை பூசி அழித்துவிடுவான். அதனால் ஏழுமலை வானத்தைப் பற்றி எழுதினார். கப்பலில் போகும்போது வடக்கு காட்டும் வடமீன் எவ்வளவு தாழ்ந்தது, காட்டில் மரங்களுக்கு நடுவே எந்த வெள்ளி தெரிந்தது (குப்பத்தில் நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான்), மழைக்காலத்தில் எத்தனை நாள் ஒன்றுமே தெரியவில்லை. வானத்துக்கு மை பூச யாருக்கும் தோன்றவில்லை.

அவருடைய கடைசிக் கடிதம் 1954 தொடக்கத்தில் வந்தது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன். அவர் பேச்சில் மானம் என்றால் வானம், ஆறாமீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அப்படியே எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

"அஞ்சலைக்கு. நான் நல்லா இருக்கேன். எந்த ஊர்னு எழுதக் கூடாது. மானம் நல்லாத் தெரியுது. ஆறாமீன் எனக்கு மொதல்ல மேல வருது. அப்பறம்தான் நம்ம கடலுக்கு வருது. நான் பாத்துட்டு அனுப்பறேன். சோறு வேகற நேரத்துல உங்கிட்ட வந்து சேரும். வர்ற ஆனி மாசம் ஆறாமீன் விடியல்ல எழும்பும்போது நான் வந்துடுவேன். வலைய எலி கடிக்காமப் பாத்துக்க."

அந்த ஆனி வந்தது, போனது. போர் முடிந்தது. திரும்பி வந்த சொல்தாக்கள் வந்தார்கள். ஏழுமலை வரவில்லை. செத்தார் என்றும் தாள் வரவில்லை. அஞ்சலை மாதம் ஒரு முறை வந்து இந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டுப் போவார். தாலியைக் கழற்றச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "மேரில கடுதாசி இருக்குது, போய்க் கேட்டுட்டு வந்து பேசு" என்பாராம்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். கிருமாம்பாக்கத்துத் தனகோட்டி, கரும்பு போடுகிற பெரிய விவசாயி. வானத்தைப் பற்றி அவருக்கு அடங்காத ஆசை. பத்திரிகையில் எது வந்தாலும் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். வெள்ளி கிரகத்தில் மண் எப்படி, அங்கே கரும்பு நிற்குமா என்று ஒரு முறை. வால்நட்சத்திரம் வந்தால் ஏற்றம் இறைக்கலாமா என்று ஒரு முறை. ருஷ்யாக்காரன் செயற்கை நிலா விட்டபோது, தன் தோட்டத்திலிருந்து அதைப் பார்த்ததாக எழுதி, அதற்கு அலுவலகம் முத்திரை போட்டுச் சான்று தர வேண்டும் என்று நேரிலேயே வந்துவிட்டார்.

"நான் பாத்தேன்யா. எங்க ஆளுங்க நாலு பேரு பாத்தாங்க. சீல் ஒண்ணு குத்திக் குடுக்கறதுக்கு இன்னா?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குத்தலாங்க. ஆனா அது நம்ம கொம்யூன் எல்லைக்குள்ள பறக்கலியே. பக்கத்து கொம்யூன் வில்லியனூர்க்காரன் சண்டைக்கு வருவான்."

தனகோட்டியும் சிரித்துவிட்டார். பியூன் கோவிந்தன் அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கேலி செய்தாலும் தனகோட்டியின் கடிதங்களைச் செயலாளர் ஒன்றுகூட வீசவில்லை. "கேக்கறவன் நாளைக்கும் கேப்பான். அவன் நேத்து இன்னா கேட்டான்னு நமக்குத் தெரியணும்" என்பார்.

ஒரு சந்தை நாளில் நான் அஞ்சலைக்குக் கடிதம் படித்துக்கொண்டிருந்தபோது தனகோட்டி அடுத்த பெஞ்சில் இருந்தார். அஞ்சலை போன பிறகு என்னிடம் வந்தார்.

"இன்னாப்பா, சோறு வேகற நேரம்னு எழுதியிருக்கான்? சைகோன் எங்க இருக்குது, பனித்திட்டு எங்க இருக்குது? மேப்புல பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஆவும்."

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். அவர் சொன்னது சரி. மறுநாள் மூட்டையை எடுத்து, அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் சிறியதாக எழுதினேன்: "பிழை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம்." எதையும் துல்லியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற குணம் எனக்கு. அந்தக் குணத்துக்காகத்தான் இந்த வேலையில் என்னைப் புகழ்ந்தார்கள். அஞ்சலையிடம் பிழையைச் சொல்லவில்லை. வழக்கம்போல எழுதியிருந்ததையே படித்தேன்.

பிறகு செயலாளர் ஓய்வு பெற்றார். அதன்பின் அலுவலகத்துக்குத் தலைமையாகச் சென்னைப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், காலையில் முதலில் வருவார். ஆனால் தாள் என்றால் அவருக்குப் பயம். எந்தத் தாள் எந்த நாளில் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று எப்போதும் எண்ணிக்கொண்டிருப்பார்.

1962 பிப்ரவரி முதல் வாரத்தில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடப் போவதாகவும் உலகம் அழியும் என்றும் நாடெங்கும் பேச்சு. உங்களில் வயதான தாய் தகப்பன் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். தை மாதம் முழுவதும் அலுவலகத்தில் அதே மனுதான். பாகூர் ஏரி உடையுமா? நாற்றுப் பிடுங்கலாமா? கட்டுமரம் இறக்கலாமா? தனகோட்டி மட்டும், கிரகங்கள் கூடும்போது எந்தத் திசையில் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று கேட்டு எழுதினார். பயப்படாமல் எழுதப்பட்ட கடிதம் அது ஒன்றுதான் என்று என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அதிகாரி நடுங்கிப்போனார். ஒவ்வொரு மனுவின் மேலும் "உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏரிக்கரையில் காவலுக்கு ஆள் போட்டார். மேற்பார்வைக்கு என்னை அனுப்பினார். நட்சத்திரம், கிரகம், வானம் என்று எந்தத் தாளில் இருந்தாலும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவும் போட்டார். போகும்போது நான் சொன்னேன்.

"சார், சொல்லை வைத்துச் சேர்த்தால் வேறு சங்கதியும் அதில் வந்து விழும். யார் எழுதியது, எதற்கு என்று பார்த்துச் சேர்க்கலாமே."

"ஏன்யா, உலகமே போகப்போகுதுங்கறான். நீ வகுப்பு எடுக்கறியா? போய் ஏரியைப் பாரு."

நான் ஏரிக்குப் போனேன். அங்கே காவலுக்கு நின்றவர்கள் சீட்டு விளையாடினார்கள். ஏரி அசையாமல் கிடந்தது.

அந்த நாட்களில்தான் அஞ்சலை வந்திருக்கிறார். வெள்ளிகள் ஒன்றாகக் கூடுகின்றன என்று குப்பத்தில் பேச்சு, அதைப் பற்றி ஏழுமலை ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்க. கோவிந்தன் பனித்திட்டு மூட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். படிக்க ஆள் இல்லை. சந்தை நாளில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டான். மூட்டை மேசையிலேயே கிடந்தது. தற்காலிகமாக வந்திருந்த தட்டச்சுக்காரர் உத்தரவுப்படி அலுவலகத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஏழுமலையின் தாள்களைப் பார்த்தார். வரிக்கு வரி வெள்ளி. நூலோடு எடுத்துக் கிரகக் கோப்பில் வைத்தார். உறைகளில் நட்சத்திரம் என்ற சொல் இல்லை. அவற்றைத் தொடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

கிரகங்கள் கூடின, கலைந்தன. ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை தாண்டியதும் சனங்கள் வெட்கத்தோடு வேலைக்குத் திரும்பினார்கள். நகரத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மட்டும் ஓர் ஓலை வந்தது: மூடநம்பிக்கைக்காக அரசாங்க ஆட்களை ஏரிக்கரையில் நிறுத்தியது யார், விசாரிக்க ஒருவர் வருகிறார். அதிகாரிக்கு மனுக்களில் தான் போட்ட கையெழுத்துகள் நினைவுக்கு வந்தன. கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்துத் தானே கொளுத்தினார். கோவிந்தன் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றானாம், தீ கூரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஏரியிலிருந்து திரும்பிய நான் மறுநாள், சந்தை நாளில், மேசையில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, ஏரிய கட்டிப் புடிச்சிகினு நின்னியாமே? இல்லன்னா ஓடியிருக்குமாமே?"

"நீங்க வேற அக்கா."

"சரி படி. ஒலகம் போவல. கடுதாசியாச்சும் கேப்போம்."

மூட்டையை அவிழ்த்தேன். ஒரு நூலில் உறைகள் இருந்தன. இன்னொரு நூல் இல்லை. மூட்டையை உதறினேன். பக்கத்து ஊர் மூட்டையைப் பார்த்தேன். கோவிந்தன் என் காதருகே வந்து சொன்னான். "சார், அது அந்தக் கோப்புல போயிடுச்சி. கெணத்தாண்ட. எனக்கு அப்ப தெரியல சார், சாம்பல் அள்ளும்போதுதான் அந்த நூலு பாத்தேன்."

அதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துகொண்டார். புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர். விசாரணைக்காரர் மறுநாள் வருகிறார். கடிதம் எரிந்தது என்று குப்பத்துக்குத் தெரிந்தால் வாசலில் கூட்டம் கூடும். என் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வண்டிப்பேட்டை ஏல அறிவிப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சலைக்கு எதிரே நின்றார்.

"எழுத்தருக்கு வேலை இருக்கும்மா. நான் படிக்கறேன். அன்புள்ள அஞ்சலைக்கு ஆசீர்வாதம். இங்கு நான் நலம். அங்கு நீயும் குழந்தைகளும் நலமா?"

"எந்தக் கொழந்த?"

"பொதுவா கேக்கறாரும்மா. மேலே கேளு. இங்கே நட்சத்திரங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கவலைப்படாதே. கடவுள் துணை."

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. பேசாமல் இருக்கலாம். எனக்குக் கடிதம் மனப்பாடம். தாளை வாங்கி, "நான் படிக்கிறேன் சார்" என்று ஏல அறிவிப்பைப் பார்த்தபடி சரியாகச் சொல்லிவிடலாம். அஞ்சலை திருப்தியாகப் போவார். மாதாமாதம் இப்படியே நடத்தலாம். யாருக்கும் தெரியாது. எனக்கு அது தோன்றியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் எந்தத் தாளை யார் படித்தாலும் அது தாளில் இருப்பதுதானா என்று எனக்கே தெரியாமல் போகும். இதை நான் நினைத்து முடிக்கும் முன் வாய் திறந்துவிட்டது.

"அக்கா, அது ஏல நோட்டீசு. உங்க கடுதாசிய எரிச்சிட்டாங்க. தெரியாம நடந்துடுச்சி. உறை மட்டும் இருக்கு."

அதிகாரி தாளை மேசையில் வைத்தார்.  அஞ்சலை சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துக் கோவிந்தன் வாசல் கதவைச் சாத்தப் போயிருந்தான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் எழுந்தார். "எட்டு கெரகமும் ஒண்ணாச் சேந்து ஒண்ணும் பண்ணலன்னு சந்தையில சிரிச்சிகினு இருக்கானுங்க. இங்க வந்து பாக்கச் சொல்லணும்" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குப்பத்திலிருந்து கூட்டம் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவே இல்லை என்று பிறகு தெரிந்தது. சொன்னால் சொந்தக்காரர்கள் தாலியைப் பற்றி மறுபடி பேசுவார்கள். இதைத்தான் நான் யோசிக்கவில்லை. மேரியில் கடிதம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பதில்.

விசாரணைக்காரர் வந்தார், கோப்பு எங்கே என்று கேட்டார், இல்லை என்றதும் திருப்தியாகப் போனார். இல்லாத கோப்பு யாருக்கும் தொந்தரவு தராது. ஒரு வாரத்தில் என்னை வில்லியனூருக்கு மாற்றினார்கள். காரணம் எழுதவில்லை. தனகோட்டியின் கடிதங்களும் அந்தத் தீயில்தான் போயின. கோவிந்தன் அவரிடம் சொன்னபோது, "என் கையெழுத்து அவ்ளோ மோசமாவா இருந்துச்சி?" என்று சிரித்தாராம். ஆனால் அதன்பிறகு அவர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த அதிகாரி படிப்படியாக உயர்ந்தார். பின்னாளில் ஆவணப் பாதுகாப்பு பற்றி அவர் பேசிய கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்களில் நானும் ஒருவன். நன்றாகப் பேசினார்.

வில்லியனூரில் இருந்துகொண்டு, ஏழுமலையின் கடிதங்களை நினைவிலிருந்து எழுதினேன். என் நினைவு நம்பத்தக்கது. வேலையில் அதற்காகவே பெயர் வாங்கியவன். ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி, மறுநாள் பார்க்காமல் மறுபடி எழுதி, இரண்டையும் ஒப்பிட்டேன். வேறுபாடு இல்லை என்று உறுதியான பிறகே நல்ல தாளில் எடுத்தேன். மேலே "நினைவிலிருந்து எழுதிய நகல்" என்று குறித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனித்திட்டுக்குப் போனேன். அஞ்சலை மணலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள்: "யாருடி இது, சட்டையெல்லாம் போட்டுகினு கருவாடு வாங்க வந்துகிறாரு?"

"மேரித் தம்பி" என்றார் அஞ்சலை. அந்தப் பெண்களை அனுப்பிவிட்டு என்னை நிழலில் உட்கார வைத்தார். நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்காக வந்தது என்று அப்போது நினைத்தேன்.

கடைசிக் கடிதத்தை முதலில் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆறாமீன் எனக்கு மொதல்ல மேல வருது. அப்பறம்தான் நம்ம கடலுக்கு வருது. நான் பாத்துட்டு அனுப்பறேன். ரெண்டு மணி நேரத்துல உங்கிட்ட..."

"இரு. இன்னா நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"அவரு கையில கடியாரமா கட்டியிருந்தாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறை எழுதி ஒப்பிட்டேன் என்றேனே, இரண்டு முறையும் ஒரே தவறு. தாளில் இருந்தது அழிந்து, ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியது என் நினைவில் உட்கார்ந்துவிட்டது.

"சோறு வேகற நேரம்" என்றேன். "அதுதான் அவர் எழுதினது. திருத்திடறேன் அக்கா."

அஞ்சலை கருவாட்டின் மேல் உட்கார வந்த காக்கையை விரட்டினார். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"கார்த்திகையில ஒலைய வெச்சிட்டு வெளிய வந்து நிப்பேன் தம்பி. கொதி வர்றதுக்குள்ள ஆறாமீன் கடலுக்கு மேல வந்துடும். எட்டு வருசமா வந்துகினு இருக்குது. நீ ரெண்டு மணிங்கற."

"அது நான் போட்ட கணக்கு அக்கா. தப்பா வந்து கலந்துடுச்சி. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எது கலந்துச்சி, எது கலக்கலன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

 மீதிக் கடிதங்களைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபமாக இல்லை, ஆள் மாறி வந்த சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல. போகும்போது கொஞ்சம் கருவாடு கட்டிக் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றேன். "நடந்து வந்தீயில்ல" என்றார்.

நம் வேலையில் ஓரத்தில் பென்சிலால்கூட எழுதாதீர்கள் என்று நான் ஏன் உங்களைத் தொல்லைப்படுத்துகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். தப்பு என்று தெரிந்தாலும் எழுதாதீர்கள். தப்பும் எழுதியவருக்குச் சொந்தம்.

கொடி 1954-லேயே மாறியிருந்தாலும், அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்தா குடும்பங்கள் மூட்டைகளைத் தேடி வந்தன. அந்த மூட்டைகளைத் தெரிந்தவன் என்று என்னைச் சில நாள் பாகூருக்கு வரவழைத்தார்கள். அஞ்சலையும் வந்தார். அவருக்குப் பிரான்சைப் பற்றி எதுவும் தெரியாது.

"அவரு எந்தக் கொடியில இருக்காரோ அந்தக் கொடியிலயே என் பேரும் இருக்கட்டும். நாளைக்கு தேடிகினு வந்தா வேற தேசமுன்னு சொல்லி உள்ள வுட மாட்டேன்னுட்டா?" என்றார்.

நகரத்துப் பிரெஞ்சு அலுவலகத்திலிருந்து வந்திருந்த எழுத்தர் புருஷன் படையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார். நான் உறைகளைக் கொடுத்தேன். செயலாளர் கோத்த நூல் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றிலும் படையின் முத்திரை, ஏழுமலையின் எண், பெயர். எழுத்தர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக வைக்கப்பட்ட ஆதாரத்தை எந்தக் கொம்யூனிலும் பார்க்கவில்லை என்று என்னைப் பாராட்டினார். அஞ்சலையின் கட்டைவிரலை மையில் தொட்டு மனுவில் வைத்தார்.

வெளியே வந்ததும் அஞ்சலை விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள இருந்தது எங்கன்னு அந்த ஆளு கேக்கவே இல்லியே தம்பி?"

"கேக்கல அக்கா. உறையே போதுமாம்."

அவர் கூடையைத் தலைக்கு ஏற்றினார்.

"அவங்களுக்குப் போதும்" என்றார்.